வெண்டல் கோவாச்சின் கூட்டல்

போர்ட் ஹாலெக்கில் திராட்சை பயிரிடுகிறவர்கள் யாரும் வெண்டல் கோவாச்சைத் தம் வேலிக்குள் பார்க்க விரும்பியதில்லை. ஆலங்கட்டி மழைக்குக் காப்பீடு எழுதும் அலுவலகத்தில் அவர் வேலை பார்த்தார். எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில் கல்மழை விழ எத்தனையில் ஒரு வாய்ப்பு என்று சொல்வது அவர் பொறுப்பு. சாலையோரம் காரை நிறுத்தி இறங்கி அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தால் போதும், பக்கத்துத் தோட்டக்காரர் போனை எடுத்துத் தன் காப்பீட்டைக் கூட்டிக்கொள்வார். உண்மையில் அவர் வானத்தைப் பார்ப்பதில்லை. கழுத்து வலிக்கு மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. அலுவலகத்துக்கு அதனால் நல்ல வியாபாரம் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருடைய இழப்பையும் முன்கூட்டிச் சொன்ன மனிதர் தன் காரை எப்போதும் வெட்டவெளியில்தான் நிறுத்தினார். கூரை போட்ட இடத்தில் அவர் மனைவியின் பழைய மரச்சாமான்கள் இருந்தன.

மாலைகளிலும் ஞாயிறு பிற்பகல்களிலும் அவருக்கு இன்னொரு வேலை. ஏரிக்கரை மைதானத்தில் விளையாடும் எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு ஓடக்காரர்கள் என்று பெயர். அவர்களுடைய ஆட்டங்களுக்கு லீக் நியமித்த ஆட்டக் கணக்கர் கோவாச். ஆள் அவுட்டா இல்லையா என்பதோடு நடுவர்கள் முடித்துக்கொள்வார்கள். ஒருவன் பந்தை அடித்துவிட்டு ஓடித் தளத்தைப் பிடித்தால், அது அடித்தவன் திறமையா, தடுக்க வேண்டியவன் தவறா என்று தீர்ப்புச் சொல்கிறவர் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கணக்கர். பெருமையையும் பழியையும் பங்கிடும் வேலை. அதற்குச் சரியான ஆள் கோவாச், ஏனென்றால் அவருக்கு அந்த விளையாட்டு அவ்வளவாகப் பிடிக்காது. பிடித்தவர்களை நம்ப முடியாது என்பது லீக்கின் அனுபவம்.

பத்திரிகைக்காரர்களுக்கான அந்த மாடி அறையில் அவருக்கு இடப்பக்கம் நான், ஊர்ப் பத்திரிகைக்காக. வலப்பக்கம் மெர்ல் ஸ்டாட்லர், வானொலியில் ஆட்டத்தை விவரிக்கும் குரல். மெர்ல் வாயை மூடினால் ஊரில் மின்சாரம் போய்விட்டதாக நினைப்பார்கள். ஒருநாள் மழையால் ஆட்டம் நின்றிருந்தபோது, பேசுவதற்கு எதுவும் மிஞ்சாமல், அவர் கோவாச்சின் பக்கம் திரும்பினார். கல்மழைக்கு எண் சொல்கிற உனக்கு முழுச்சுற்றுக்கு எண் சொல்ல வருமா என்று கேட்டார். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

முழுச்சுற்று என்று நான் சொல்வதை பேஸ்பாலில் சைக்கிள் என்பார்கள். ஒரே ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் நாலு வகை அடியையும் அடித்துவிடுவது அது. ஒரு தளத்துக்கு ஓடவைக்கும் அடி, இரண்டு தளத்துக்கு ஓடவைக்கும் அடி, மூன்று தளத்துக்கு ஓடவைக்கும் அடி, பிறகு பந்து வேலியைத் தாண்டிப் போகும் ஹோம் ரன். நாலிலும் கஷ்டமானது மூன்று தள அடி. ஹோம் ரனுக்குத் தோள் இருந்தால் போதும். மூன்று தளத்துக்குத் தோளும் வேண்டும், காலும் வேண்டும், எதிராளிக்குக் கொஞ்சம் கெட்ட நேரமும் வேண்டும்.

கோவாச் எண் சொன்னார். வேடிக்கைக்குக் கேட்டதை அவர் வேலையாக எடுத்துக்கொண்டார். அன்று அடிக்கப் போகிறவர்களின் பழக்கம், பந்து வீசுகிறவனின் கை, ஏரிக்காற்றின் திசை எல்லாம் கணக்கில் வந்தன. எங்கள் மைதானத்தின் வலது மூலையில் வேலி உள்வாங்கியிருக்கும். அங்கே போன பந்து, கடன்காரனைக் கண்டவன் போல மூலையை விட்டு வெளியே வராது. அதுவும் கணக்கில் வந்தது. ஜூன் கடைசியில் ஏரியிலிருந்து ஈசல் கிளம்பி விளக்குக் கம்பங்களில் அப்பும் நாட்களில், நசுங்கிய பூச்சியில் தடுப்பாளர்களின் கால் வழுக்கும். அதுவும் வந்தது. சாதாரண நாளில் நானூறு, ஐநூறில் ஒன்று. ஈசல் நாளில் இருநூறில் ஒன்று. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மெர்ல் அதை வானொலியில் வாசித்தார். பீரோகி என்னும் கொழுக்கட்டை விற்கும் கடை ஒன்று அதற்கு விளம்பரம் கொடுத்தது. ‘கோவாச் கணக்கு’ என்று சிறுவர்கள்கூடச் சொல்லத் தொடங்கினார்கள். நாளைக்கு வீட்டுப்பாடம் முடிக்க நானூறில் ஒரு வாய்ப்பு என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேசியது அவரால்தான்.

அவர் ஒருபோதும் பந்தயம் கட்டியதில்லை. பந்தயம் என்பது தன்னை விதிவிலக்கு என்று நினைப்பவர்களுக்கான பொழுதுபோக்கு என்பார்.

சின்னச் சின்ன வாய்ப்புகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் காப்பீட்டுக்காரர்களுக்கு உண்டு. கூட்டல் இரண்டு என்று வந்தால் அந்த வருஷம் ஏறக்குறைய இரண்டு தோட்டம் நாசமாகும். ‘ஏறக்குறைய’ என்பது அங்கே முக்கியமான சொல். கல்மழை எந்தக் கூட்டலுக்கும் கட்டுப்பட்டதில்லை. இரண்டு வரவேண்டிய வருஷத்தில் ஒன்றும் வராது, மறு வருஷம் ஐந்து வந்து விழும். தற்செயல் என்றால் அப்படித்தான் தாறுமாறாக இருக்கும். கோவாச் வாழ்நாளெல்லாம் அந்தத் தாறுமாறோடு சமாதானமாக இருந்தவர்.

முழுச்சுற்றுகள் தாறுமாறாக வரவில்லை. நானூறில் ஒன்று, ஐநூறில் ஒன்று என்ற தினசரி எண்களை அவர் கூட்டிக்கொண்டே வந்ததில், கூட்டல் ஒன்றைத் தொட்ட ஆட்டப் பருவத்தில் எங்கள் மைதானத்தில் முதல் முழுச்சுற்று விழுந்தது. அடுத்து வெறும் பருவங்கள். கூட்டல் இரண்டைத் தொட்ட பருவத்தில் இரண்டாவது. மூன்றைத் தொட்டபோது மூன்றாவது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. வாடகை கொடுக்க வருகிறவன் போல வந்தது. ஐந்தாவதும் அப்படியே வந்தபோது ஊர் கைதட்டியது. சொன்னது பலித்தால் சோதிடன் காணிக்கை வாங்கிக்கொள்வான். கோவாச் தூக்கத்தை இழந்தார்.

ஏரி மீனை வறுத்து வைத்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், ஒருநாள் எங்களிடம் சொன்னார்: “இவ்ளோ சரியா வரக்கூடாது. இவ்ளோ சரியா வந்தா எங்கயோ ஏதோ தப்பு.”

“தப்பாப் போனா உம்முனு இருப்ப. சரியாப் போனாலும் உம்முனு இருக்க,” என்றார் மெர்ல். “உன்ன யாருய்யா விருந்துக்குக் கூப்பிடுவாங்க?”

“யாரும் கூப்பிடறதில்ல,” என்றார் கோவாச். அது உண்மை.

இப்படி ஒழுங்காக வருவதற்கு எத்தனையில் ஒரு வாய்ப்பு என்றும் அவர் கணக்குப் போட்டிருந்தார். விடை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் மனைவி ரோவீனா பள்ளிப் பேருந்து ஓட்டியவர். முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பதை அறிவார். ஐந்தாவது வந்து சில வருஷம் கழித்து, ஒரு வசந்தத்தில் அவர் சிறுநீரகத்தில் ஒரு கட்டியைக் கண்டு எடுத்தார்கள். திரும்ப வருமா என்று கேட்டதற்கு மருத்துவர், ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி, எண்ணெல்லாம் சொல்ல முடியாது என்றார். எண் சொல்ல மாட்டேன் என்று ஒருவர் தன்னிடம் சொன்னதை கோவாச் தொழில் முறையில் ஒரு சவாலாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, முழுச்சுற்றுக்குப் போடும் அதே முறையில், மனைவிக்கும் ஒரு கணக்குப் போட்டார். என்ன வந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் கேட்காமலே பாத்திரம் கழுவத் தொடங்கினார். ரோவீனாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் அஞ்சியது இதைத்தான்: அவருடைய எண்கள் பொய்க்கவே பொய்க்காதென்றால், ரோவீனாவுக்குப் போட்ட எண்ணும் பொய்க்காது.

அந்தக் கோடையில் கூட்டல் ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில், ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில், அவர் என்னிடம் சொன்னார்: “இந்த ஒரு தடவ வராம இருந்தாப் போதும். வரலேன்னா என் நம்பரெல்லாம் வெறும் நம்பர். ஆனா வந்துட்டா…” முழுச்சுற்றுக்கும் ரோவீனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். ஏன் இல்லை என்பதை ஒரு நல்ல ஆசிரியர் போலத் தெளிவாக, படிப்படியாக, எனக்கு விளக்கினார். விளக்கி முடித்ததும் தன் சாவியால் என் காரின் கதவைத் திறக்கப் பார்த்தார்.

பருவத்தின் கடைசி ஆட்டம் செப்டம்பரில் ஒரு ஞாயிறு பிற்பகல். மறுநாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, ரோவீனாவுக்கு மருத்துவமனையில் பரிசோதனை முடிவு சொல்வதாக இருந்தார்கள். காலை வெயிலில் கோவாச் கொடுத்த எண் நானூற்றுச் சொச்சத்தில் ஒன்று. அதைச் சேர்த்ததும் கூட்டல் ஆறைத் தொட்டுவிட்டது. இதை எங்களிடம் சொல்லிவிட்டுப் பென்சிலை மேசையில் வைத்து, ஓடிவிடும் என்பது போல உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

ரூயல் பெட்டிபோனை அன்று ஆடவைத்ததே எங்கள் அணியின் பந்து பிடிக்கும் வழக்கமான கேட்சருக்கு விரலில் அடி என்பதால்தான். முப்பத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் அறுவை. ஓய்வறையில் அவனுக்கு ‘அலமாரி’ என்று பெயர். அடுத்த வருஷம் அவனை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்பது அவன் உட்பட எல்லோருக்கும் தெரியும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து மூன்று தள அடி ஒன்றுகூட அவன் கணக்கில் கிடையாது. அவனுக்கு மட்டும் தனியாக எண் போட்டால் எத்தனையில் ஒன்று என்று மெர்ல் முன்பு ஒருமுறை கேட்டதற்கு, தாள் பத்தாது என்று கோவாச் சொல்லியிருந்தார்.

இரண்டாவது இன்னிங்ஸில் அலமாரி ஹோம் ரன் அடித்தான். மெர்ல் வானொலியில் குதூகலித்தார். கோவாச் குறித்துக்கொண்டார். நாலாவதில் ஒரு தள அடி.

அப்போதுதான் ஏரியிலிருந்து மூடுபனி வந்தது. எங்கள் ஊரில் அது மேலிருந்து இறங்காது. வலது பக்க வேலியின் மேலாக, யாரோ ஒரு போர்வையை மெல்ல மறுபுறம் தள்ளுவது போல உள்ளே வரும். முதலில் மூலை போயிற்று, பிறகு விளம்பரப் பலகைகள், பிறகு வலது பக்கத் தடுப்பாளர் இடுப்பு வரைக்கும் போனார். துறைமுகத்தில் படகுகளை எச்சரிக்கும் பனிச்சங்கு ஊதத் தொடங்கியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, வழக்கப்படி சோதனைப் பந்து ஒன்று அடிக்கச் சொன்னார். பயிற்சியாளர் ஒருவர் உயரமாக அடித்தார். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பந்து மேலே போனது. கீழே வந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்வையாளர்கள் வெகுநேரம் அப்படியே வாய் திறந்து காத்திருந்தார்கள். கடைசியில் வலது பக்கத் தடுப்பாளர் பனிக்குள்ளிருந்து நடந்து வெளியே வந்து கையுறையைத் திறந்து காட்டினார். பந்து இருந்தது. அதைப் பிடித்ததுபோல் அவர் முகம் இல்லை. யாரோ அவரிடம் கொடுத்தனுப்பியதுபோல் இருந்தது. கடைசி ஆட்டம், எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். நடுவர் ஆடலாம் என்றார்.

ஆறாவது இன்னிங்ஸில் அலமாரி இரண்டு தள அடி அடித்தான்.

அதன் பிறகு மாடியில் பேச்சு நின்றது. ஒருவன் அரிய சாதனையின் விளிம்பில் நிற்கும்போது அதை வாயால் சொன்னால் கை நழுவிப் போய்விடும் என்பது பேஸ்பாலில் பழைய வழக்கம். யாரும் அதை நம்புவதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். யாரும் மீறவும் மாட்டார்கள். கீழே இருக்கையில் பெட்டிபோனின் இரு பக்கமும் ஆட்கள் நகர்ந்து இடம் விட்டிருந்தார்கள். அவன் பக்கம் யாரும் பார்க்கவில்லை. சாவு வீட்டுக்காரனை விடுவது போல அவனைத் தனியே விட்டிருந்தார்கள். மெர்ல் வானொலியில் வானிலையைப் பற்றியும் அடுத்த வருஷத்துப் பார்க்கிங் கட்டணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்.

எட்டாவது இன்னிங்ஸில் பெட்டிபோன் மட்டையோடு நடந்து வந்தான். கோவாச் நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும், மெர்லின் திறந்த ஒலிவாங்கிக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்:

“பெட்டிபோனுக்கு மூணு தள அடி ஒண்ணுதான் பாக்கி. அடிச்சா முழுச்சுற்று.”

பூசை நடக்கும் இடத்தில் துப்பியவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் திரும்பினார்கள். மெர்லின் முகம் வெளுத்தது. வாழ்நாளில் ஒரு கறுப்புப் பூனைக்கும் வழிவிடாத மனிதர், எண்ணைத் தவிர வேறெதையும் நம்பாதவர், ஒரு கண்ணேறைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். அவர் உட்கார்ந்தபோது நான் பக்கத்தில் பார்த்தேன். வெட்கப்பட்டவராகத் தெரியவில்லை. கைவசம் இருந்த கடைசி மருந்தையும் கொடுத்துவிட்டவர் போல இருந்தார்.

மருந்து வேலை செய்யவில்லை. இரண்டாவது பந்தையே அலமாரி வலது மூலைக்கு அடித்தான்.

பந்து பனிக்குள் போயிற்று. அதன் பின்னால் தடுப்பாளர் போனார். பிறகு வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை, பனிச்சங்கு மட்டும் ஊதியது. பெட்டிபோன் ஓடினான். முதல் தளத்தைத் தாண்டியபோது பனி அங்கேயும் வந்து அவனை முழங்காலோடு எடுத்துக்கொண்டது, பிறகு தோளோடு. இரண்டாம் தளத்துக்குப் போகும் வழியில் ஒரு தொப்பி மட்டும் போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, பனிக்குள்ளிருந்து யாரும் எறியாததுபோல ஒரு பந்து வந்து மூன்றாம் தளத்துக்கு முன்னால் குதித்தது. பெட்டிபோன் வயிற்றால் சறுக்கி ஏற்கெனவே தளத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தான்.

மூலையில் என்ன நடந்தது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. பந்து தானாகவே அங்கே சுற்றித் திரிந்திருந்தால் அது மூன்று தள அடி. தடுப்பாளர் கையில் வந்ததைத் தவறவிட்டிருந்தால் இரண்டு தள அடியும் ஒரு தவறும். ஊரே மாடிக் கண்ணாடியைப் பார்த்தது. வானொலியில் மெர்ல் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

கோவாச் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். “இரண்டு தள அடி. மூன்றாம் தளம், வலது பக்கத் தடுப்பாளரின் தவறு.”

கூட்டம் முனகியது. மெர்ல் தன் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

“நீ பாத்தியா?”

“இல்ல.”

“நானும் பாக்கல. சந்தேகம்னா அடிச்சவன் பக்கம்தானே சொல்லணும்? எனக்கே நீதானய்யா சொல்லிக் குடுத்த.”

“தெரியும்,” என்றார் கோவாச்.

கணக்கரோடு பேச ஆட்டக்காரர் மாடி ஏறக்கூடாது. ஆட்டம் முடிந்ததும் பெட்டிபோன் ஏறி வந்தான். காலில் காலுறை மட்டும், முழங்காலில் பனிக்கட்டிப் பொட்டலம் கட்டியிருந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றான். மெர்ல் போய்விட்டிருந்தார். அறையில் நாங்கள் இருவர்தான்.

“சண்டைக்கு வரல சார்,” என்றான். “நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

கோவாச் தலை நிமிர்த்தவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறான் என்று நான் கேட்டேன்.

“ரெண்டாவது தளத்த நான் தொடல. எதிரணி நடுவர்கிட்ட கேட்டிருந்தா நான் அவுட்டு. பனியில யாரும் பாக்கல, கேக்கல.” தொப்பியைத் திருப்பினான். “எனக்கு முன்னாடி ஒருத்தர் ஓடிக்கிட்டிருந்தாரு சார்.”

“யாரு?” என்றார் கோவாச். “தளத்துல வேற ஓட்டக்காரன் யாருமே இல்லையே.”

“இல்லதான். அதான் சொல்றேன். காலடிச் சத்தம் கேட்டுது, நான் அது பின்னாடியே போனேன். நான் அவ்ளோ வேகமா ஓட மாட்டேன்னு ஊருக்கே தெரியும். அவரு ஓடினாரு, நானும் ஓடினேன்.”

“அவர் தொட்டாரா தளத்த?”

“தொட்டாரு. சத்தம் கேட்டுது,” என்றான் பெட்டிபோன். “நாந்தான் தொடல.”

இத்தனை வருஷமாகத் தன் பெயரைச் சரியான எழுத்தில் போட்டதற்கு கோவாச்சுக்கு நன்றி சொன்னான். பிறகு கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான்.

பனியில் தன் காரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கோவாச் சொன்னதால் நான் அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் கார் எங்கள் எதிரில்தான் நின்றிருந்தது. ரோவீனா சமையலறையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார். உட்காரும் வரை காத்திருந்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்:

“ஏன் பொய் சொன்ன?”

“மூடுபனி, ரோவீனா.”

“பனிய நான் ஜன்னல்ல பாத்தேன். மெர்ல் வாய மூடி நான் கேட்டதே இல்ல, இன்னிக்கு மூடினான். அப்பவே தெரிஞ்சுது நீ ஏதோ பண்றேன்னு. எனக்காகவா?”

அவர் ஆமென்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: கூட்டலை, ஆறை, தான் வாயால் சொல்லிக் கெடுக்கப் பார்த்ததை, பெட்டிபோன் வந்து சொன்னதை. முன்னால் ஓடியவரைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ரோவீனா அடுப்பை அணைத்தார். யாரென்று கேட்கவில்லை.

“அந்த ஆளு வாழ்க்கைல ஒரே ஒரு தடவ மூணாவது தளம் வரைக்கும் ஓடியிருக்கான்,” என்றார். “அத கிழிச்சு எனக்கு ஒட்டுப் போடறியா?”

“ரெண்டுக்கும் சம்பந்தமில்லன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சே பண்ணா அது இன்னும் மோசம்.” தன் தட்டோடு வந்து உட்கார்ந்தார். “சரி, இதச் சொல்லு. முன்னாடி அஞ்சு வந்துச்சே. அதுல மூணு தள அடின்னு தீர்ப்புச் சொன்னது யாரு?”

கோவாச் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

இந்தக் கேள்வி அவருக்கு ஏன் தோன்றவில்லை, எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வாய்ப்பைச் சொன்னவரும் அது நடந்ததா என்று சொன்னவரும் ஒரே ஆள். அவர் ஐந்தையும் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார். ஒன்றில் தடுப்பாளர் ஈசலில் வழுக்கினார். தவறு என்று சொல்லியிருக்கலாம், இவர் மூன்று தளம் என்றார். ஒன்றில் பந்து கையுறையின் நுனியில் பட்டதா இல்லையா என்பது சந்தேகம். இன்னொன்றில் வெயில் கண்ணில் அடித்தது. மூன்றும் அவர் கை. கூட்டல் எங்கே வந்து நிற்கிறது என்று அறிந்த ஒருவரின் கை. தான் இத்தனை வருஷம் தன்னை அறியாமல் நேர்மை தவறியிருக்கலாம் என்று தெரிந்து ஒரு மனிதர் அவ்வளவு நிம்மதி அடைந்ததை நான் பார்த்ததில்லை. அவர் தோள்கள் இறங்கின.

“மிச்சம் ரெண்டு?” என்றார் ரோவீனா.

“அதுல என் கை இல்ல,” என்றார் கோவாச். “யார் பாத்தாலும் மூணு தளம்தான்.”

“அப்ப ரெண்டுக்குப் பயப்படு. அஞ்சுக்குப் பயப்படாத. இப்ப போன் பண்ணு.”

ஒரு நாளுக்குள் கணக்கர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம். கோவாச் லீக் அலுவலகத்துக்குப் போன் செய்து, பெட்டிபோனுடையது மூன்று தள அடி என்று மாற்றினார். தொடாத இரண்டாம் தளம் தீர்ப்பில் வராது. எதிரணி கேட்காத தவறு விதிப்படி தவறே இல்லை. ஆக, ஆறாவது முழுச்சுற்றும் அதன் பருவத்திலேயே வந்து சேர்ந்தது. அதை முடித்தது பெட்டிபோன்தானா என்பது வேறு விஷயம்.

அவர் போனை வைத்ததும் ரோவீனா சொன்னார்: “இப்ப என் நம்பரச் சொல்லு.”

நான் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டேன். வெளியே எதிர் வீடு இல்லை, சாலை இல்லை. துறைமுகத்தில் சங்கு ஊதியது. உள்ளே அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னது கேட்டது, எண் கேட்கவில்லை. பிறகு ரோவீனாவின் குரல், பேருந்தின் கடைசி இருக்கை வரை எட்டிப் பழகிய குரல்:

“அவ்ளோதானா? நான் இதவிட மோசமா நெனச்சு வச்சிருந்தேன்.”

வசந்தத்திலிருந்து அவரும் ஓர் எண்ணைத் தனியே சுமந்திருக்கிறார், எந்தக் கணக்கும் போடாமல்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில், கட்டி இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்கள், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அந்தக் குளிர்காலத்தில் கோவாச் கணக்கர் வேலையை விட்டார். முன்னறிவிப்பவனும் சான்று சொல்பவனும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று லீக்குக்குச் சொன்னார். லீக்குக்கு அது புரியவில்லை. இப்போது அந்த நாற்காலியில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருக்கு விளையாட்டு மட்டுமல்ல, நாங்களும் பிடிக்காது. கோவாச் இன்னும் வீட்டிலிருந்து அனுப்பும் கணக்கை மெர்ல் வாசிக்கும்போது ஆசிரியை காதில் பஞ்சை வைத்துக்கொள்வார். அவர் கையில் கூட்டல் உடைந்துவிடும் என்று கோவாச் நம்பினார்.

கூட்டல் ஏழைத் தொட்ட பருவம் சென்ற வருஷம். ஆகஸ்டில், ஒரு மேகமும் இல்லாத பிற்பகலில், மற்ற மூன்று அடியையும் ஏற்கெனவே அடித்திருந்த இருபது வயது ஆட்டக்காரன் ஒருவன் வலது மூலைக்கு அடித்துவிட்டு மூன்றாம் தளத்தில் நின்றபடியே வந்து சேர்ந்தான். ஆசிரியை தலை நிமிராமல் மூன்று தளம் என்றார். யார் பார்த்தாலும் மூன்று தளம்தான்.

செய்தியை நானே அவர் வீட்டில் போய்ச் சொன்னேன். கோவாச் தலையசைத்தார். அடுப்பருகே நின்ற ரோவீனா திரும்பாமலே கேட்டார்:

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“நம்மளது இப்ப எங்க நிக்குது?”

ஒவ்வொரு பரிசோதனைக்கும் பிறகு ரோவீனாவுக்குக் கட்டி திரும்ப வரும் வாய்ப்புகளையும் இருவருமாக மேசையில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டே வருகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கோவாச் எண்ணைச் சொன்னார்.

“இன்னும் ஒண்ணு ஆகல இல்ல,” என்றார் ரோவீனா. மீனைத் திருப்பிப் போட்டார்.